வீடு திரும்பிய பின் தொடங்கும் சிகிச்சை

புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டும் என்ற முழக்கம் தமிழகத்தில் செயலாக மாறிவருகிறது. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கான பரிசோதனைத் திட்டம் மக்கள் வாழும் இடங்களுக்கே கொண்டு செல்லப்பட்டது. பின்னர் பிற மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. பரிசோதனை பெருகினால் நோய் கண்டறியப்படுவோர் எண்ணிக்கை உயரும். அறுவை சிகிச்சைகளும் அதிகரிக்கும். அறுவை முடிந்து வீடு திரும்புகிறவர்களை யார் கவனிக்கப் போகிறார்கள் என்ற கேள்வி மட்டும் இன்னும் உரத்து எழவில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் தகுதியுள்ள குடும்பம் ஒன்று ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். பல்லாயிரம் ஏழைக் குடும்பங்களைக் கடனிலிருந்து காத்த திட்டம் இது என்பதில் ஐயமில்லை. ஆனால், காப்பீட்டின் இலக்கணப்படி, ஓர் அறுவைக்கு ஒரு தொகை. நோயாளி மருத்துவமனைப் படியிறங்கும்போது அந்தக் கணக்கு ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. குடும்பத்தின் கணக்கோ அன்றுதான் தொடங்குகிறது.

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் இந்தக் கணக்கைக் கண்கூடாகப் பார்க்கலாம். பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய மூன்று தொழில்களைச் சுற்றியே இங்கு வாழ்க்கை சுழல்கிறது. பெரும்பாலான பெண்களுக்குச் செய்த வேலையின் அளவுக்குத்தான் கூலி. திரி செலுத்தியதும் பெட்டி அடைத்ததும் எத்தனை என்பதே வார இறுதியில் கைக்கு வரும் தொகையைத் தீர்மானிக்கிறது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இங்கிருந்து சுமார் 70 கி.மீ. தொலைவில் உள்ளது. அங்கு மறுபரிசோதனைக்குச் செல்ல ஒரு முழுநாள் வேண்டும். நோயாளியுடன் துணைக்கு ஒருவரும் செல்ல வேண்டும். ஆக, ஒரு பயணத்தில் இரண்டு பேரின் கூலி போகிறது. நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை என்பது நல்ல ஏற்பாடு. வெளியூர்ப் பேருந்துக்கு அது பொருந்தாது. பயணச் செலவைச் சலுகைகள் குறைக்கலாம். இழந்த கூலியை எந்தச் சலுகையும் திருப்பித் தருவதில்லை. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் இந்த இழப்பின் கனம் இன்னும் கூடும்.

இதன் விளைவை பொருளியல் மாணவர் எவரும் எளிதில் கணித்துவிடுவார். 'வலி கொஞ்சம்தான், பொறுத்துக்கொள்ளலாம்', 'வீக்கம் தானே வடிந்துவிடும்' என்று பயணம் தள்ளிப்போடப்படுகிறது. ஒத்திப்போட்ட சிறு சிக்கல் பெரும் சிக்கலாகி, அவசரச் சிகிச்சைப் பிரிவில் போய் நிற்கிறது. இதை நோயாளியின் அறியாமை என்று சொல்வது எளிது. உண்மையில், தன் கையிலுள்ள காசைக் கணக்கிட்டு அவர் எடுக்கும் முடிவு அது.

அறுவைக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள் மருத்துவ நோக்கில் மிக முக்கியமானவை. மார்பகத்தையும் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் அகற்றிய பின், பலர் உடலில் பொருத்திய வடிகுழாயுடனேயே வீடு திரும்புகிறார்கள். அதில் நாள்தோறும் எவ்வளவு நீர் சேர்கிறது, அதன் நிறம் மாறுகிறதா என்பதைக் குறித்துவைக்க வேண்டும். காய்ச்சல் வருகிறதா, தையல் சிவக்கிறதா, கை வீங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். தோள்பட்டை இறுகாமலிருக்க உரிய பயிற்சிகளைச் செய்ய வேண்டும். குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்து வயிற்றில் மலவாய் அமைக்கப்பட்டவர், அதில் பையைப் பொருத்தவும் சுற்றியுள்ள தோலைக் காக்கவும் பழக வேண்டும். நாக்கில் அறுவை செய்துகொண்டவர் குழாய் வழியே உணவு உட்கொள்ளக் கற்க வேண்டும். மருத்துவமனையில் பயிற்சி பெற்ற செவிலியர் செய்த இந்தப் பணிகள் அனைத்தும், வீடு திரும்பும் நாளன்று தரப்படும் சில நிமிட அறிவுரையோடு, பள்ளி செல்லும் மகளிடமோ முதிய தாயிடமோ ஒப்படைக்கப்படுகின்றன.

இந்த இடைவெளியைக் கைப்பேசியால் நிரப்ப முடியுமா? முடியும் என்கின்றன அண்மை ஆண்டுகளின் ஆய்வுகள். ஆனால், அவை வைக்கும் நிபந்தனையை நாம் கூர்ந்து படிக்க வேண்டும்.

கனடாவின் டொரன்டோ நகரில் மார்பக மறுசீரமைப்பு அறுவை செய்துகொண்ட 65 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2017-இல் வெளியானது. ஒரு பிரிவினர் வழக்கம்போல நேரில் வந்தனர். மற்றவர்கள் காயத்தின் படங்களையும் வலியின் அளவையும் செயலி வழியே மருத்துவருக்கு அனுப்பினர். செயலியைப் பயன்படுத்தியவர்கள் முதல் 30 நாள்களில் நேரில் வர நேர்ந்தது வெகுவாகக் குறைந்தது. அதனால் அவர்களுக்குச் சிக்கல்கள் கூடிவிடவும் இல்லை.

இன்னும் தெளிவான பாடம் சீனாவிலிருந்து வந்தது. நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட 166 பேரிடம் பல மருத்துவமனைகளில் நடத்தப்பட்ட ஆய்வு அது, 2022-இல் வெளியானது. நோயாளிகள் தம் வலி, களைப்பு, தூக்கக் குறைவு, மூச்சுத்திணறல், இருமல் ஆகியவற்றுக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் இட்டு அனுப்பினர். வீடு திரும்பிய பிறகும் வாரம் இருமுறை, நான்கு வாரங்கள் வரை அனுப்பினர். இரு பிரிவினருமே இதைச் செய்தனர் என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. ஒரு பிரிவில் மதிப்பெண் நான்கை எட்டியதும் அறுவை மருத்துவருக்கு எச்சரிக்கை சென்றது. அவர் உடனே கவனித்தார். மற்றொரு பிரிவில் எச்சரிக்கை எதுவும் அனுப்பப்படவில்லை. முதல் பிரிவில் 21.5 விழுக்காட்டினருக்கும், இரண்டாம் பிரிவில் 40.6 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டன.

இரண்டு பிரிவிலும் கேள்வித்தாள் ஒன்றே. மருத்துவர் பதில் சொன்னார் என்பது மட்டுமே வேறுபாடு. அப்படியானால், குணமாக்கியது கருவியல்ல. அதன் மறுமுனையில் பொறுப்பேற்று இருந்த மனிதர். செயலிகளைப் பற்றி உற்சாகமாகப் பேசும் நம் திட்ட வகுப்பாளர்கள் இந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுவே.

எங்கள் பகுதியில் மார்பக அறுவை முடிந்து வடிகுழாயுடன் வந்த ஒரு பெண்மணியின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவருடைய மகள் பள்ளி நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, காலையும் மாலையும் சேர்ந்த நீரின் அளவை மில்லிலிட்டரில் எழுதிவந்தாள். பிழையில்லாத பதிவேடு, ஓர் ஆய்வாளர் பொறாமைப்படத்தக்க ஒழுங்கு. ஆனால், அதைப் பார்க்க யாரும் இல்லை. சிகிச்சை பெற்ற இடத்தில் கொடுத்த எண்ணை அழைத்தால், 'அடுத்த மாதம் வரும்போது கொண்டு வாருங்கள்' என்பதே பதில். தகவலுக்கு இங்கே பஞ்சமில்லை. அதைப் படித்துப் பதில் சொல்லும் கடமைதான் யாருக்கும் வகுக்கப்படவில்லை.

இதற்கான கட்டமைப்பு நம்மிடம் இல்லாமல் இல்லை. தொலைமருத்துவத்துக்கான நெறிமுறைகளை மத்திய அரசு 2020 மார்ச் 25-இல் வெளியிட்டுச் சட்டத் தெளிவை ஏற்படுத்தியது. இ-சஞ்சீவனி சேவை நடைமுறையில் உள்ளது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களும், இயன்முறை மருத்துவர்களும், வலி தணிப்புச் செவிலியர்களும் வீடு தேடிச் செல்கிறார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அத்திட்டத்துக்குக் கிடைத்தது. 2022 ஜனவரியில் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி விருதுநகரிலேயே இருக்கிறது. இத்தனை இழைகள் இருந்தும், அறுவை செய்த மருத்துவரையும் கிராமத்துச் செவிலியரையும் நோயாளியின் கைப்பேசியையும் ஒரே கயிறாக முறுக்கும் வேலை நடைபெறவில்லை.

அந்த வேலையைச் செய்யும்போது ஊரின் இயல்பையும் அறிந்திருக்க வேண்டும். வெடிபொருள் கையாளப்படும் பட்டாசு ஆலைக் கூடங்களுக்குள் கைப்பேசிக்கு அனுமதியில்லை. அது உயிர் காக்கும் விதி. நோயாளியின் கணவரோ மகளோ ஆலையில் இருக்கும்போது, முற்பகல் 11 மணிக்கு வரும் மருத்துவமனை அழைப்பு யாரும் எடுக்காமல் ஒலித்து அடங்கும். 'நோயாளி தொடர்பில் வரவில்லை' என்று பதிவாகும். மாலை 6 மணிக்கு மேல் அழைத்தால் போதும். ஆனால், அதற்கு மாலைப் பணி பார்க்க ஒரு செவிலியர் வேண்டும்.

கைப்பேசி யாருடையது என்ற கேள்வியும் உண்டு. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பெண்கள் தாமே பயன்படுத்தும் கைப்பேசியை வைத்திருந்தனர். இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்கள் பாதிக்கும் குறைவு. அந்த ஆய்வுக்குப் பின் நிலைமை முன்னேறியிருக்கும் என்றாலும், பல வீடுகளில் திறன்பேசி மகனிடம்தான் இருக்கிறது. மார்பில் உள்ள காயத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால், அந்தப் படம் மகனின் பேசியில் தங்கும் என்ற கூச்சத்திலேயே ஒரு தாய் பேசாமல் இருந்துவிடுவார். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களுக்கு விதிகளை வகுக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் இந்தக் கூச்சத்தை அதனால் தீர்க்க இயலாது. காயத்தை நேரில் பார்க்கப் பெண் செவிலியர் ஒருவர் வருவதே இதற்குத் தீர்வு.

மாறாக, குரல் அழைப்பை மட்டும் நம்பினால், நாக்கை இழந்தவர் எப்படிப் பேசுவார்? புகையிலைப் பழக்கத்தால் வாய்ப் புற்றுநோய் மலிந்த நாட்டில் இது அரிதான கேள்வியன்று. அத்தகையோருக்கு எண் பொத்தானை அழுத்திப் பதில் சொல்லும் முறை வேண்டும்: வலி அதிகமென்றால் ஒன்று, காய்ச்சல் என்றால் இரண்டு, உணவுக்குழாய் அடைத்துக்கொண்டால் மூன்று. சாதாரணக் கைப்பேசியிலும் இது இயங்கும், இணையம் தேவையில்லை.

செலவைப் பற்றிய கேள்வி உடனே எழும். என் மதிப்பீட்டில் இது புதிய பெருஞ்செலவு அன்று. இருக்கும் செலவின் இடமாற்றம். சீழ் பிடித்த காயத்துடன் மீண்டும் படுக்கையில் சேர்க்கப்படும் ஒருவருக்கு அரசு செலவிடும் தொகையோடு, சில வாரத் தொலைபேசி அழைப்புகளின் செலவை ஒப்பிட்டாலே இது விளங்கும். எனவே, காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் அறுவைக்கான தொகையோடு '30 நாள் தொடர் கண்காணிப்பு' என்று ஒரு தனித் தலைப்பைச் சேர்க்க வேண்டும். அழைத்த நாளும் பெற்ற பதிலும் எடுத்த நடவடிக்கையும் பதிவானால் மட்டுமே அந்தத் தொகை மருத்துவமனைக்குக் கிடைக்க வேண்டும். செயலியை எத்தனை பேர் தரவிறக்கம் செய்தார்கள் என்பது வெற்றியின் அளவுகோல் ஆகக் கூடாது; எச்சரிக்கை வந்து எத்தனை மணி நேரத்தில் பதில் சென்றது என்பதே அளவுகோல் ஆக வேண்டும்.

நோயாளி வீடு திரும்பும் நாளிலேயே அவரது விவரம், அவரின் ஒப்புதலோடு, வட்டாரச் செவிலியருக்குச் சென்று சேர வேண்டும். வீடு அருகிலிருந்தால் மூன்று நாளில் நேரில் பார்க்க இயலும். விருதுநகர் மருத்துவக் கல்லூரியில் வாரம் ஒருநாள் தொடர்சிகிச்சைக்கெனப் புறநோயாளர் பிரிவு இயங்கி, மதுரை அல்லது சென்னையில் அறுவை செய்த மருத்துவர் காணொலி வழியே இணைந்தால், பல பயணங்கள் மிச்சமாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஓய்வெடுக்க வழி இருக்க வேண்டும். தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தில் நோய்க்காலத்துக்கு ஆண்டில் 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். புற்றுநோய் உள்ளிட்ட நீண்டகால நோய்களுக்கு, உரிய பணிக்காலத் தகுதி இருந்தால், 80 விழுக்காடு வீதம் இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிப்பும் உண்டு. ஆனால், வீட்டிலிருந்தபடி வேலை செய்வோரும், பெயர்ப்பட்டியலில் இல்லாத கூலியாள்களும் இந்த வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். 'கையை அதிகம் அசைக்காதீர்கள், ஓய்வெடுங்கள்' என்று கைப்பேசியில் நாள்தோறும் தகவல் வரலாம். கை அசைந்தால்தான் அடுப்பு எரியும் என்ற வீட்டில் அந்தத் தகவலுக்கு என்ன மதிப்பு? அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியங்களின் வழியாகவேனும், அறுவைக்குப் பிந்தைய மூன்று மாதங்களுக்கு ஒரு மீட்புக்கால உதவித்தொகை வழங்குவது பற்றி அரசு எண்ணிப் பார்க்க வேண்டும்.

கைப்பேசி ஓர் ஊடகம் மட்டுமே. வழியிலுள்ள 70 கி.மீ. தூரத்தை அது சுருக்கும். கூலி இழப்பை ஓரளவு குறைக்கும். மறுமுனையில் பெயர் தெரிந்த ஒரு செவிலியர், குறித்த நேரத்தில், சம்பளத்தோடும் பொறுப்போடும் அமர்ந்திருந்தால் மட்டுமே அது மருத்துவக் கருவி. இல்லாவிட்டால், ஒலித்து ஓய்ந்துபோகும் இன்னொரு மணிதான். செயலிகளுக்கான ஒப்பந்தங்களைக் கோரும் முன், அந்தச் செவிலியர் பணியிடங்களை நிரப்புவதே முறை.