பனி ஊர்க் கீரைக்கு அடுப்பு எதற்கு?



போன வாரம் அறிவியல் வகுப்பில் பசுமை இல்லம் பற்றிப் பேச்சு வந்தது. குளிர் ஊரில் செடி வளர்க்கணும்னா கண்ணாடி வீடு கட்டி, உள்ளே ராப்பகலா எரிச்சுக்கிட்டே இருக்கணும், வேற வழியில்லைன்னு பையன்கள் வரிசையில் எல்லாரும் சொன்னாங்க. நான் எழுந்து "எரிக்காமலே வளர்க்கலாம் சார்" என்றேன். ஒரே சிரிப்பு. அதுக்குள்ளே மணி அடிச்சிடுச்சு. "எழுதிக் காட்டும்மா" என்று சார் சொன்னார். இதோ எழுதிட்டேன்.

எங்க மாமா ராணுவத்தில் இருக்கார். லடாக்கில் லே பக்கம் மூன்று வருஷம் வேலை பார்த்தவர். லே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3500 மீட்டர் உயரம், நம்ம ஊட்டியைப் போல ஒன்றரை மடங்கு. குளிர்காலத்து ராத்திரியில் மைனஸ் 20 டிகிரி வரைகூடப் போகும். பனி விழுந்து மலைப்பாதை மூடிட்டா காய்கறி லாரி வராது. அந்த ஊரில் ஜனவரி மாசம் பாலக்கீரை பச்சைப் பசேல்னு நிற்கிற போட்டோவை மாமா காட்டினார். சுத்தி வெள்ளை வெளேர்னு பனி. உள்ளே ஹீட்டரும் இல்லை, அடுப்பும் இல்லை.

எப்படி மாமா என்று கேட்டதுக்கு, தரையில் குச்சியால் கோடு போட்டே விளக்கினார். கிழக்கு மேற்காக நீளமாக ஒரு கட்டடம். தெற்குப் பக்கம் மட்டும் பாலித்தீன் தாள், மத்த மூன்று பக்கமும் மண் செங்கல் சுவர். அதுவும் இரட்டைச் சுவர், நடுவில் வைக்கோலோ மரத்தூளோ அடைச்சது. வடக்குச் சுவருக்கு உள்பக்கம் கறுப்புப் பூச்சு. லே இருப்பது 34 டிகிரி வடக்கில். டிசம்பர் கடைசியில் உச்சி வேளையில்கூட சூரியன் அங்கே 32 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதனால் வெயில் தெற்கிலிருந்து சாய்வாகத் தாள் வழியே புகுந்து, நேரா அந்தக் கறுப்புச் சுவரில் விழும். சுவர் பகலெல்லாம் சூட்டை வாங்கி வச்சுக்கிட்டு ராத்திரி கொஞ்சம் கொஞ்சமா விடும். சாயங்காலம் மொட்டைமாடிச் சுவரில் சாய்ந்தா முதுகு சுடுமே, அதே கதைதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இனிமேல்தான். பொழுது சாய்ஞ்சதும் பாலித்தீனுக்கு அடியில் ஒரு திரையை இழுத்து விடுவாங்களாம். சேர்த்து வச்ச சூடெல்லாம் அந்த மெல்லிசு தாள் வழியாத்தான் ஓடிப்போகும். அதை நிறுத்துவது ஒரு போர்வை! இதுக்கு என்ன பெரிய செலவு?

என் கருத்து இதுதான். எதை எரிக்கலாம் என்று யோசிக்கிறதுக்கு முன்னாடி, இருக்கிற சூடு எந்த வழியாகப் போகுதுன்னு பார்க்கணும். ஓட்டைக் குடத்தில் எத்தனை வாளி ஊத்தினாலும் நிறையாது. லடாக்கில் மரம் ரொம்பக் குறைவு. வீட்டு அடுப்புக்கே காய்ந்த சாணியை எரிக்கிறாங்க. கீரை வளர்க்கவும் அதையே எரிச்சா நிலத்துக்கு எரு ஏது? எங்க அம்மாவும்தான் வரட்டி தட்டுறாங்க. ஒரு கூடை சாணி அடுப்புக்குப் போனா வயலுக்கு ஒரு கூடை குறையுதுன்னு அப்பா முணுமுணுக்காத நாள் இல்லை.

பணக்கார நாட்டிலும் இந்தக் கஷ்டம் உண்டு. நெதர்லாந்தில் சுமார் 10,000 ஹெக்டேர் பரப்புக்குக் கண்ணாடி வீடுகள் இருக்கு. பெரும்பாலும் எரிவாயுவை எரிச்சுத்தான் சூடு. 2022-ல் உக்ரைன் போரால் எரிவாயு விலை ஏறினப்போ, சில விவசாயிகள் அந்தக் குளிர்காலம் முழுக்க எதுவும் நடாமல் காலியாவே போட்டுட்டாங்க. பாவம்.

ஆனா ஒண்ணை ஒத்துக்கிறேன். நெதர்லாந்து 52 டிகிரி வடக்கில் இருக்கு. டிசம்பர் சூரியன் 15 டிகிரிகூட ஏறாது, மேகமும் அதிகம். லடாக் மாதிரி வெயிலை மட்டும் நம்பி அங்கே தக்காளி வராது. பையன்கள் சொன்னது அந்த அளவுக்குச் சரிதான். ஐஸ்லாந்துக்காரங்க குடுத்து வச்சவங்க, 1924-லிருந்தே பூமிக்கடியில் வர்ற வெந்நீரைக் குழாயில் விட்டுக் காய்கறி வளர்க்கிறாங்க. எல்லா ஊரிலும் வெந்நீர் ஊற்று இருக்குமா? திரையும் இரட்டைத் தாளும் எந்த ஊரிலும் போடலாம். நெதர்லாந்திலேயே இப்போ திரை போடுறாங்க.

இன்னொண்ணு, நானே போட்ட கணக்கு. 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, வெளியே கறுப்பு பெயின்ட் அடிச்சு உள்ளே வச்சா, அதுவும் பகலில் சூடாகும். ராத்திரி அது 10 டிகிரி ஆறினா வெளியே விடும் வெப்பம் 200 × 4.2 × 10 = 8400 கிலோ ஜூல். ஒரு யூனிட் கரண்ட் என்பது 3600 கிலோ ஜூல். அப்போ ஒரு டிரம்முக்கு ரெண்டேகால் யூனிட்டுக்கு மேல் சும்மா கிடைக்குது. பத்து டிரம் வச்சா? (கணக்கு டீச்சர் தப்பிருந்தா சிவப்பு மையில் திருத்தலாம்.)

எங்க வீட்டு வாசலில் கறுப்பு அடிச்ச ரெண்டு டின் வச்சிருக்கேன். ஒண்ணில் தண்ணீர், ஒண்ணில் மண். பொழுது சாய்ஞ்ச பிறகு எது சீக்கிரம் ஆறுதுன்னு பார்க்கணும். கையால் தொட்டுப் பார்த்துச் சொன்னா பையன்கள் நம்ப மாட்டாங்க. சார் ஆய்வக வெப்பமானியை ஒரே ஒரு நாள் வீட்டுக்குத் தந்தா அளந்து அடுத்த இதழில் எழுதுகிறேன். உடைக்க மாட்டேன் சார்.

– ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி