முருங்கைக்கு மருந்தடிக்கலாமா?



மழை ஓய்ந்த சில நாட்களில் உங்கள் வீட்டு முருங்கையின் அடிமரத்தைப் பாருங்கள். சாக்கைச் சுற்றினாற்போலக் கம்பளிப்பூச்சிகள் அப்பிக் கிடக்கும். எங்கள் சாத்தூர்க் கரிசல் பக்கத்தில் உடனே பருத்திக்கு வாங்கிய புட்டி வெளியே வந்துவிடும். "மருந்தடிச்சாச் சரியாப் போகும்" என்பார்கள். நஞ்சுக்கு மருந்தென்று பெயர் சூட்டியவர் யாரோ!

பருத்தியை யாரும் தின்பதில்லை. முருங்கைக்கீரையோ பறித்த அன்றே சட்டிக்குப் போகிறது. மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லியைக் காய்கறிகளில் தெளிக்கக் கூடாதென்று அரசு 2005-லேயே தடை விதித்தது. வயலுக்கு வாங்கிய நஞ்சு வீட்டுக் கொல்லைக்கு வரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இப்புழுக்கள் இரவில் இலையைத் தின்று, பகலில் கூட்டமாக அடிமரத்தில் தங்குபவை. அப்போது பழைய துடைப்பத்தால் சோப்புநீர் வாளிக்குள் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. ரோமம் பட்டால் அரிக்கும். கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். தீப்பந்தம் காட்டுவது பழைய வழக்கம். அதில் மரப்பட்டை வெந்துபோகும். மேலும், தீப்பெட்டியும் பட்டாசும் செய்கிற ஊர்ப்பக்கம் பந்தத்தோடு நடமாடச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

கத்தரி, வெண்டைக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிகள் எல்லா மரங்களையும் மொட்டையடித்தபோது வேம்பு மட்டும் பச்சையாக நின்றதை ஷ்முட்டரர் என்ற ஜெர்மானிய அறிஞர் கவனித்தார். அந்தச் சரக்கு நம் வாசலிலேயே உதிர்ந்து கிடக்கிறது. 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டுங்கள்.

"தெளித்தேன் சார், பலனில்லை" என்று சில மாணவர்கள் வருவார்கள். நான் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். என் கேள்வியும் அப்படித்தான் இருக்கும். சோப்பு கலந்தாயா? எத்தனை மணிக்குத் தெளித்தாய்? இலையின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு. பரப்பு இழுவிசையால் நீர் முத்து முத்தாகத் திரண்டு உருண்டு விழுந்துவிடும். சிறிது சோப்பு அவ்விசையைக் குறைத்துத் துளியை இலைமேல் படரச் செய்கிறது. அடுத்தது வெயில். வேம்பின் சாரமான அசாடிராக்டின் புறஊதாக் கதிர் பட்டால் சிதையும். சாத்தூர் வெயிலில் காலை பத்து மணிக்குத் தெளித்துவிட்டு வேம்பைக் குறை சொல்வது நியாயமா? மாலையில் தெளியுங்கள்.

இன்னொன்று. வேம்பு உடனே கொல்வதில்லை. புழுவை இலை தின்னவிடாமல் செய்யும், தோலுரிப்பதைக் கெடுக்கும். மறுநாள் புழு உயிரோடுதான் இருக்கும். செத்த புழுவைத் தேடாமல், இலையில் புதிய ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒரு புழு இருக்கும். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து சிவந்த கொம்பை நீட்டி நாற்றமடிக்கும். அது வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை, அடிக்காதீர்கள். சிறு செடியானால் பெரிய கறிவேப்பிலை மரத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் கொத்தோடு கண்ணாடிப் புட்டியிலிட்டு, வாயைத் துணியால் கட்டி, தினமும் புதிய இலை போட்டு, எத்தனையாவது நாள் கூட்டுப்புழுவாகிறதென்று குறித்து வையுங்கள்.