மூக்கும் ஒரு சாட்சியே

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

கண் கண்டதைச் சாட்சியாக ஏற்கிறோம். காது கேட்டதையும் ஓரளவு ஏற்கிறோம். மூக்கு முகர்ந்ததை மட்டும் யாரும் சாட்சியாக மதிப்பதில்லை. "உனக்கு அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான்" என்று ஒதுக்கிவிடுகிறோம். இது சரியன்று என்பது என் கருத்து. இதை நிறுவப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு சின்ன வாசனைக் குப்பி போதும்.

இத்தாலி நாட்டு மிலான் நகரத்து மாஸ்க் மிலானோ என்னும் நிறுவனம் 2014-ஆம் ஆண்டில் 'ரஷ்யன் டீ' என்ற பெயரில் ஒரு வாசனைத் திரவியத்தை வெளியிட்டது. ஜூலியன் ராஸ்கினே என்பவர் அதனை உருவாக்கியவர். குளிர்ந்த புதினா, பால் சேராத கருந்தேநீர், ராஸ்பெர்ரிப் பழம், பதனிட்ட தோல், எல்லாவற்றுக்கும் அடியில் புகை. கேட்டால் நம்மில் பலருக்குச் சிரிப்பு வரும். புகையை யாராவது பூசிக்கொள்வார்களா? எங்கள் விடுதி நண்பன் ஒருவனின் அண்ணன் துபாயிலிருந்து வந்தபோது இதன் மாதிரிக் குப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. முழுக் குப்பியின் விலையைக் கேட்டுவிட்டு, அந்தப் பணத்தில் எத்தனை பருவத்துக் கட்டணம் கட்டலாம் என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு. ஆளுக்கொரு துளி மணிக்கட்டில் பூசிக்கொண்டோம். ஒவ்வொருவர் சொன்னதையும் நான் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்.

கிள்ளைப் பக்கத்து நண்பன், "விடியற்காலையில் படகு கிளம்பும்போது டீசல் புகையும் கடுந்தேநீரும் சேர்ந்து வருமே, அது" என்றான். பண்ருட்டிக்காரன், "முந்திரிக்கொட்டை சுடுகிற இடம்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். சிதம்பரம் கீழவீதிப் பக்கத்திலிருந்து வருகிறவனுக்கு அது சாம்பிராணி. "மார்கழித் திருவாதிரைக்குக் கூட்டத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது, ஆனால் யாரோ பக்கத்தில் நின்று புதினா மிட்டாய் மெல்லுகிறார்கள்" என்றான். நெய்வேலிக்காரன் நிலக்கரி என்றான். அவனிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? இன்னொருவன் முகர்ந்த உடனேயே, "தலைவலித் தைலம்! பாட்டி தேய்த்துக்கொள்வது" என்று கையைக் கழுவப் போய்விட்டான். அரைமணி கழித்து அவனே திரும்பி வந்து, "கழுவியும் போகவில்லை, இப்போது டீக்கடை மாதிரி இருக்கிறது, பரவாயில்லை" என்றான்.

இவர்களில் யார் சொன்னது சரி? எல்லாரும் சொன்னது சரி. எப்படி என்று வேதியியல் மாணவன் என்ற முறையில் விளக்குவது என் கடமை.

புதினாவின் குளிர்ச்சி மணமே அன்று, அது தொடு உணர்வு. குளிரை அறியும் நரம்புப் புரதம் ஒன்று நம் தோலிலும் வாயிலும் மூக்கிலும் உண்டு. மெந்தால் அதைத் தட்டி எழுப்பிக் 'குளிர்கிறது' என்று பொய் சொல்ல வைக்கிறது. டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டாபூட்டியன் ஆகிய இருவரும் 2002-இல் தனித்தனியே இதைக் கண்டறிந்தனர். 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. நம் நாட்டில் உத்தரப்பிரதேசத்துப் பாராபங்கி வயல்களில் விளையும் புதினாதான் உலகின் பல தைலப் புட்டிகளுக்குள்ளும் போகிறது. எனவே தைலம் என்றவன் பிழையாகச் சொல்லவில்லை. தேயிலையின் மணத்தில் லினலூல் என்ற பொருள் உண்டு. அதே பொருள் மல்லிகையிலும் இருக்கிறது, நம் வீட்டுக் கொத்தமல்லி விதையிலும் இருக்கிறது. புகைக்குக் காரணம் குவாயகால், கிரெசால் போன்ற பீனால் இனத்தார். விறகு எரிந்தாலும், பைன் மரப் புகையில் உலர்த்தும் சீன நாட்டு லாப்சாங் தேயிலையானாலும், இவர்களே வந்து நிற்கிறார்கள். எளிதில் ஆவியாகும் பொருள் முதலில் பறந்துவிடும். தாரும் பிசினும் மணிக்கணக்கில் தோலில் ஒட்டிக்கிடக்கும். உடனே முகர்ந்தவன் தைலம் என்பதும், அரைமணி கழித்து அவனே டீக்கடை என்பதும் இதனால்தான்.

மூக்கிலும் வேற்றுமை உண்டு. மணத்தை உணரும் ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை ரிச்சர்ட் ஆக்சலும் லிண்டா பக்கும் 1991-இல் கண்டறிந்து, 2004-இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதனிடம் வேலை செய்யும் இத்தகைய மரபணுக்கள் ஏறத்தாழ 400. அவை ஆளுக்கு ஆள் சற்றே வேறுபடுகின்றன. அதற்கும் மேலே, ஒவ்வொருவரும் வளர்ந்த ஊர் இருக்கிறது. படகு, முந்திரி, கோயில், நிலக்கரி ஆகியவற்றைத் தாளில் பார்த்தபோது நம் மாவட்டத்தின் வரைபடமே எனக்குத் தெரிந்தது.

இதைச் சொல்லத் தமிழில் சொல் இல்லையே என்று சிலர் குறைப்படுவார்கள். நான் மறுக்கிறேன். கவிச்சி, முடை, மொச்சை, வீச்சம், நெடி, கமறல், ஊசல், மக்கல், தீய்ந்த வாடை என்று நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் புழங்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள். மிளகாய் வறுத்தால் நெடி. மழைக்காலத்துத் துணியில் மக்கல். பழைய சோற்றில் ஊசல். எதையும் எதனோடும் அவர்கள் குழப்பிக்கொள்வதில்லை. 'நாற்றம்' என்ற சொல்லே ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது. அதை இழிசொல்லாக்கியவர்கள் பிற்காலத்தார்.

குப்பியில் மிச்சமிருந்த துளியை விடுமுறையில் ஊருக்கு எடுத்துப் போனேன். அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "இது நம்ம அடுப்படி வாசம்ப்பா. இதையா காசு குடுத்து வாங்குறாங்க?" என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் எரிவாயு உருளை இருக்கிறது. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் வந்தது. ஆனாலும் உருளை தீர்ந்துவிடுமே என்று அம்மா சோற்றை இன்றும் முந்திரி விறகில்தான் வடிக்கிறார்கள். அம்மாவின் சேலையிலும் அந்த வாசம், நான் பள்ளிக்குப் போட்டுச் சென்ற சட்டையிலும் அந்த வாசம். பள்ளியில் சிலர் 'புகை நாத்தம்' என்று பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. மீனவக் குப்பங்களிலிருந்து வரும் நண்பர்கள் இதைவிட மோசமான சொற்களைக் கேட்டவர்கள். நம் கல்லூரியில் வாசனைத் தெளிப்பான் வாங்கவே பகுதிநேர வேலைக்குப் போகிறவர்களை நான் அறிவேன். ஒரே குவாயகால்தான். மிலான் நகரத்துக் குப்பியில் இருந்தால் கலை, எங்கள் சேலையில் இருந்தால் அழுக்கு. இந்தத் தீர்ப்பை எந்த மூக்கு வழங்கியது? அதற்காக விறகுப் புகையை நான் போற்றவில்லை. குப்பியில் அடைத்திருப்பது மணம் மட்டும். அம்மாவின் நெஞ்சுக்குள் போவதில் கார்பன் மோனாக்சைடும் நுண்துகளும் உண்டு. அம்மா இருமுவதைக் கேட்டவன் நான்.

இனி, நம் ஊருக்கே உரிய வழக்கு ஒன்று. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், உப்பனாற்றின் கரையோரம் சிப்காட் தொழிற்பேட்டை நீண்டு கிடக்கிறது. 1980-களில் எழுந்தது. குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி முதலிய ஊர்கள் அதை ஒட்டியே இருக்கின்றன. துர்நாற்றம் வருகிறது, கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்று அவ்வூர் மக்கள் பல ஆண்டுகள் முறையிட்டார்கள். வாசனைதானே என்பதற்குமேல் அந்தப் பேச்சு நெடுங்காலம் நகரவில்லை. 2004-ஆம் ஆண்டில் அவ்வூர்களைச் சேர்ந்தவர்களே சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். என்ன வாடை, எத்தனை மணிக்கு, காற்று எந்தத் திசையிலிருந்து என்று குறித்துவைத்தார்கள். வாடை கடுமையாக வந்தபோது, ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அவ்வாண்டே வெளிவந்த அறிக்கையில் 22 நச்சு வேதிப்பொருள்கள் இடம்பெற்றன. அவற்றுள் 8 புற்றுநோயைத் தூண்டக்கூடியவை. கல்லூரி வாசல் மிதிக்காத மூக்குகள் ஒரு வகையில் அந்த ஆய்வைத் தொடங்கிவைத்தன!

எதைப் போன்ற வாடை என்ற சொல்லுக்கு வேதியியலில் எவ்வளவு மதிப்பு உண்டு தெரியுமா? அழுகிய முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்பைடைத் தேட வேண்டும். அழுகிய முட்டைக்கோஸ் என்றால் மெத்தில் மெர்காப்டன். நகப்பூச்சு அழிக்கும் திரவம் என்றால் அசிட்டோன். ஒரு குடும்பத்தலைவி சொல்லும் உவமை, எந்தச் சோதனையை முதலில் செய்வது என்று நமக்கு வழிகாட்டிவிடுகிறது.

"அங்கே இருப்பவர்களுக்குப் பழகிப்போயிருக்கும்" என்று சொல்வோர் உண்டு. வாசனை பூசிக்கொண்டவன் கால்மணி நேரத்தில் தன் மணத்தைத் தானே உணராமல் போவது உண்மைதான். எங்கள் அறையிலும் அதைக் கண்டோம். பழகியது மூக்கு மட்டும். நுரையீரல் அப்படிப் பழகுவதில்லை. ஹைட்ரஜன் சல்பைடு காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டினால் முகரும் ஆற்றலே மரத்துப்போகும். வாடை நின்றுவிட்டதே என்று ஒருவன் நிம்மதி அடையும் நேரமே பேராபத்தான நேரம். கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கிய தொழிலாளர் பலர் இப்படித்தான் மாண்டார்கள்.

ஆனால் நாம் ஆய்வகத்தில் என்ன செய்கிறோம்? கரிமப் பொருள் பகுப்பாய்வில் 'மணம்' என்று ஒரு வரி இருக்கிறது. முகராமலேயே, 'தனக்கே உரிய மணம்' என்று கையேட்டைப் பார்த்து எழுதிவிடுகிறோம். ஆண்டாண்டுக்கும் எல்லா மாணவரின் குறிப்பேட்டிலும் அதே வரி. குழாயை நேராக மூக்கில் வைக்காமல், கையால் ஆவியை விசிறி முகர்ந்து, நமக்குத் தோன்றிய உவமையைத் தமிழிலேயே எழுதினால் என்ன? பீனாலுக்கு 'ஆஸ்பத்திரித் தரை' என்று எழுதினால் மதிப்பெண் குறையுமா? எழுதலாம் என்று ஆசிரியப் பெருமக்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

இன்னொன்று. சிதம்பரம், பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம் பக்கமிருந்து நாள்தோறும் அந்தச் சாலை வழியே பேருந்தில் வரும் மாணவ மாணவியர் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. நேரம், காற்றின் திசை, எதைப் போன்ற வாடை ஆகிய மூன்றையும் மட்டும் ஒரு நோட்டில் குறித்தால் போதும். ஒன்றும் இல்லாத நாளில் 'ஒன்றும் இல்லை' என்று எழுத வேண்டும், அதுவும் செய்திதான். ஓராண்டுக் குறிப்புகளை அடுத்த ஆண்டு மலரில் வெளியிடலாம். எங்கள் துறையில் விருப்பமுள்ளவர்கள் என்னிடம் பெயர் கொடுக்கலாம். முதல் நோட்டை நானே வாங்கித் தருகிறேன்.