தோல் முட்டைக்கு சென்சார் தேவையில்லை

ப்ராஜெக்ட் எக்ஸ்போ வந்தா போதும், எந்த காலேஜா இருந்தாலும் ஒரு 'ஸ்மார்ட் கோழிக்கூண்டு' கண்டிப்பா வந்து நிக்கும். ஆர்டுயினோ, ஈரப்பதம் பார்க்கிற சென்சார், மொபைலுக்கு மெசேஜ் அனுப்புற ஆப் எல்லாம் அதுல இருக்கும். நடுவர்களும் மார்க் போட்டுடுவாங்க. ஆனா வீட்டுக்குப் பின்னாடி ஏழெட்டுக் கோழி வளர்க்கிறவங்ககிட்ட போய், "உங்களுக்கு என்ன பிரச்சினை?"ன்னு கேட்டா ஈரப்பதம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. "முட்டை கை பட்டாலே உடையுது"ன்னுதான் சொல்லுவாங்க.

என் ஊர் படவேடு. போளூர் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரம். சம்புவராயர்கள் தலைநகரா வெச்சிருந்த ஊர். இன்னைக்கு வெளியூர்க்காரங்களுக்கு ரேணுகாம்பாள் கோயிலாலயும் வாழைத்தோப்பாலயும் தெரிஞ்ச ஊர். எங்க ஆயா எட்டு கோழி வளர்க்குது. முட்டை வித்து வர்ற காசு முழுக்க ஆயாவோடது. மாத்திரை வாங்குறது, பேத்திக்கு நோட்டு வாங்குறதுன்னு யார்கிட்டயும் கை நீட்டாம செலவு பண்ற காசு அது ஒண்ணுதான். போன கோடையில வாரத்துக்கு மூணு நாலு முட்டை ஓடு மெலிஞ்சோ, ஓடே இல்லாம தோல் முட்டையாவோ வந்துச்சு. "கண்ணு பட்டுடுச்சுடா"ன்னு ஆயா சொல்லுச்சு. பக்கத்து வீட்டுல "சேவல் சரியில்ல"ன்னாங்க. கடைக்காரர் விரிசல் முட்டையைத் திருப்பிக் கொடுத்துட்டார்.

என் கருத்து இதுதான்: இது கண்ணு பட்டதும் இல்ல, சேவல் குத்தமும் இல்ல. செகண்ட் இயர்ல நாம படிச்ச மாஸ் பேலன்ஸ் கணக்கு. உள்ள போறது பத்தலைன்னா வெளிய வர்றது குறையும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முட்டை ஓட்டுல 100-க்கு 94 பங்குக்கு மேல கால்சியம் கார்பனேட். ஒரு முட்டை ஓடு செய்ய கோழிக்கு ஒன்றரையிலிருந்து 2 கிராம் கால்சியம் வேணும். தின்னதுல பாதிதான் உடம்புல சேரும்னு வெச்சா, முட்டை போடுற நாள்ல 3-லிருந்து 4 கிராம் தின்னணும். கோழி ஒரு நாளைக்குத் தின்னுறது சுமார் 100 கிராம் தீனி. 100 கிராம் நொய்யரிசியில இருக்கிற கால்சியம் ஏறக்குறைய 10 மில்லிகிராம். தேவையில நூத்துல ஒரு பங்குகூட இல்ல. கேழ்வரகு பரவாயில்ல, 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் கிட்ட வரும். அதுவும் பத்தாது. நாமக்கல் பண்ணையில முட்டைக்கோழித் தீவனத்துல 3.5-லிருந்து 4 சதவீதம் கால்சியம் இருக்கிற மாதிரி கலக்குறாங்க. 100 கிராமுக்கு அது எவ்வளவுன்னு பாருங்க: நம்ம கணக்குல வந்த அதே 4 கிராம்!

"அப்போ எங்க பாட்டி காலத்துக் கோழி மட்டும் எப்படி நல்லா முட்டை போட்டுச்சு?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. அசல் நாட்டுக்கோழி பத்துப் பதினஞ்சு முட்டை போட்டுட்டு அடைக்கு உட்கார்ந்துடும். அப்புறம் குஞ்சோட அலையும். வருஷம் முழுக்க அறுபது, எண்பது முட்டைதான். நடுவுல கிடைக்கிற ஓய்வுல நத்தை, பூச்சி, பழைய சுவத்துச் சுண்ணாம்பு எல்லாம் கொத்தி உடம்பைத் தேத்திக்கும். இன்னைக்கு ஊருக்குள்ள வந்திருக்கிறது அதிகமா முட்டை போடுற கலப்பினங்கள். ஹைதராபாத்துல உருவாக்கின கிராமப்ரியா மாதிரி இனம் நல்லா பார்த்துக்கிட்டா வருஷத்துக்கு 200 முட்டை அளவுக்குப் போடும். கோழியை மாத்திட்டோம், தீனியை மாத்தலை. அலையுற இடமும் சுருங்கிப் போச்சு, முத்தமெல்லாம் சிமென்ட்.

தீனியில கால்சியம் இல்லைன்னா கோழி உடனே முட்டையை நிறுத்தாது. தன் எலும்புல இருந்து எடுத்து ஓடு செய்யும். அதனால ஓடு மெலியறதுக்கு முன்னாடியே கோழியோட எலும்பு தேய ஆரம்பிச்சிருக்கும். கால் தளர்ந்து உட்கார்ந்துடுற கோழியைப் பார்த்திருப்பீங்க. இது காசு நஷ்டம் மட்டும் இல்ல, அந்த உயிருக்கு வலியும்கூட.

கோடையில ஏன் அதிகம்? கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். அப்போ ரத்தத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறிடும். கார்பனேட் செய்ய வேண்டிய சரக்கே குறைஞ்சு போகும். வெயிலுக்கு இரையும் எடுக்காது. நிழல், குளிர்ந்த தண்ணி, விடியக்காலையிலயும் சாயங்காலமும் தீனி: இந்த மூணுமே நிறைய உதவும்.

மருந்து என்னன்னா, ஒரு கிண்ணம் கிளிஞ்சல். மாவா இல்லாம, நொய் அளவுக்கு உடைச்சது. தீனியோட கலக்காம தனியா வைக்கணும். ஓட்டுல பெரும்பகுதி ராத்திரியிலதான் உருவாகுது. சாயங்காலம் கொத்தின கிளிஞ்சல் துண்டு இரைப்பையில தங்கி விடிய விடியக் கரையும். எந்தக் கோழிக்குத் தேவையோ அது தானே வந்து கொத்தும், சேவல் பெரும்பாலும் கண்டுக்காது. கிளிஞ்சல்ல கால்சியம் 38 சதவீதம் சுமார். அதனால ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு 10 கிராம் போதும். எட்டு கோழிக்கு மாசம் இரண்டரை கிலோவுக்குள்ள முடிஞ்சிடும். வீட்டு முட்டை ஓட்டையே வறுத்து நொறுக்கியும் போடலாம். வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பை மட்டும் வைக்காதீங்க. அது ஹைட்ராக்சைடு, வாயைப் பொத்துடும்.

எல்லாத்துக்கும் கிளிஞ்சல் மருந்துன்னு சொல்ல வரலை. வயசான கோழி பெரிய முட்டை போடும், ஓட்டுச் சரக்கு மட்டும் கூடாது. அதனால ஓடு மெலியும். அதோட, எல்லா கோழியும் திடீர்னு ஒண்ணா கோணல் முட்டை, சுருக்கம் விழுந்த ஓடு, தண்ணி மாதிரி வெள்ளைக்கருன்னு போட்டா அது நோயா இருக்கலாம், வெள்ளைக்கழிச்சல்கூட இருக்கலாம். கால்நடை மருந்தகத்துக்குத்தான் போகணும். பிப்ரவரி வாக்குல அரசு நடத்துற தடுப்பூசி முகாமை விட்டுடக் கூடாது.

வாங்குற நாமளும் இதுல சேர்த்திதான். நாட்டு முட்டைன்னா மஞ்சக்கரு நல்லா செவந்திருக்கான்னு மட்டும் பார்க்கிறோம். அந்த நிறம் கோழி தின்ன கீரையிலயும் மக்காச்சோளத்துலயும் இருந்து வருது. செவப்பா இருக்கிறதாலேயே முட்டை தரமானதுன்னு ஆகிடாது. ஓடு மெலிஞ்சா ஈரம் சீக்கிரம் வெளியேறும், கிருமி சுலபமா நுழையும். அடை வெச்சா குஞ்சு வராது. அதுக்குக் கூமுட்டைன்னு பேர் வெச்சு, பழியை சேவல் மேல போடுவோம்.

பொறியியல் படிக்கிற நாம இதுல செய்ய நிறைய இருக்கு. ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் லேப்ல ஸ்க்ரூ கேஜ் வெச்சு கம்பியோட தடிமன் அளந்தோமே, அதே கருவியால முட்டை ஓட்டை அளக்கலாம். நல்ல ஓடு 0.3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல இருக்கும். காய்ஞ்ச ஓட்டோட எடை முட்டை எடையில பத்துல ஒரு பங்கு கிட்ட வரணும். கிளிஞ்சல் வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு மாசம், வெச்ச பின்னாடி ஒரு மாசம், பத்து வீட்டுல அளந்து நோட்டுல எழுதினா அதுவே ஒரு ப்ராஜெக்ட். என்எஸ்எஸ் கேம்ப்ல ஏழு நாள் கிராமத்துல தங்குறோம். அதுல ஒரு சாயங்காலத்தை இதுக்கு ஒதுக்கலாம். கிராமத்துப் பெண்களுக்கு அரசு கோழிக்குஞ்சு கொடுக்குது. நல்ல விஷயம். குஞ்சோட சேர்த்து ஒரு பை கிளிஞ்சலும் கொடுங்கன்னு நாம எழுதிக் கேட்கலாம். கையில அளவுகள் இருந்தா அந்தக் கடிதத்துக்கு மதிப்பு கூடும்.

சென்சார் வேண்டாம்னு நான் சொல்லலை. எதை அளக்கணும்னு முதல்ல கோழி வளர்க்கிறவங்ககிட்ட கேட்டுட்டு, அப்புறம் சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணுங்கன்னுதான் சொல்றேன்.