அம்பேத்கரின் கோட்டும் நம் அளவும்

அண்ணல் அம்பேத்கரின் கோட் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ‘கபாலி’ (2016) வந்த பிறகு அந்தப் பேச்சு டீக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒவ்வோர் ஏப்ரல் 14-லும் நீலக் கோட் அணிந்த சிலைகளுக்கு மாலை போடுகிறோம். ஆனால் நம்மில் ஒருவர் ஒரு கோட் தைத்துப் போட வேண்டுமென்றால் எவ்வளவு செலவாகும், தோள் எங்கே நிற்க வேண்டும், எந்தத் துணி நம் வெயிலுக்குத் தாங்கும் என்று பேசியதே இல்லை. அரசியலைப் பேசினோம், அளவைப் பேசாமல் விட்டுவிட்டோம்.

“இதெல்லாம் ஒரு பிரச்சினையா தோழர்?” என்று கேட்பவர்கள் உண்டு. பிரச்சினைதான். 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதி திராவிடர்களுக்கு 8 தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட், சட்டை, பனியன் எதுவும் கூடாது. கிராப் வெட்டக் கூடாது. குடை பிடிக்கவோ செருப்புப் போடவோ கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடலை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, கால்நடைகள் கொள்ளை போயின. அடுத்த ஆண்டு தடைகள் 11 ஆயின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இவற்றைப் பட்டியலிட்டுப் பதிவு செய்திருக்கிறார்.

அந்தத் தடைகளுக்கு 9 ஆண்டுகளுக்கு முன்பு, 1921 செப்டம்பர் 22 அன்று, பக்கத்து மதுரையில்தான் காந்தி மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். ஏழைகளோடு தன்னை ஒன்றாக்கிக்கொள்ளும் செயல் என்று அதை நாடே கொண்டாடியது. அவருடைய நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் சட்டை இருந்தவர் அதைக் கழற்றியதும், சட்டை போடப் போனவரின் வீடு எரிந்ததும் ஒரே வட்டாரத்தில், பத்தாண்டுக்குள் நடந்தவை. துறவு என்பது உரிமை உள்ளவருக்கு மட்டுமே கிடைக்கும் வசதி.

திருவிதாங்கூரிலும் இதே கதைதான். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1859-ல் நாடார் பெண்கள் மேலுடலை மறைக்க அரசு அனுமதி கொடுத்தது. அதிலும் ஒரு நிபந்தனை: உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது. உடம்பை மறைப்பதைவிட, யார் என்று அடையாளம் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் சாதியின் கவலை. அதனால்தான் 1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம் அம்பேத்கர், தீண்டத்தகாதவர் என்று காட்டிக்கொடுக்கும் சேலைக்கட்டையும் நகைகளையும் விட்டுவிடச் சொன்னார்.

பழங்கதை என்று இதை ஒதுக்க முடியாது. 2012-ல் தர்மபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகள் எரிக்கப்பட்ட நாட்களில், ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு நம் இளைஞர்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று ஒரு கட்சித் தலைவர் ஊர் ஊராகப் பேசினார். 2023-ல் குஜராத்தின் பனாஸ்காந்தா மாவட்டத்தில், நல்ல உடையும் கூலிங் கிளாஸும் அணிந்ததற்காக ஒரு தலித் இளைஞர் தாக்கப்பட்டதாக வழக்குப் பதிவானது.

நன்றாக உடுத்தினால் சாதி போய்விடுமா? போகாது. அம்பேத்கரின் சிறுவயது அனுபவமே இதற்குச் சாட்சி. 1901 வாக்கில் தந்தையைப் பார்க்கக் கோரேகானுக்குப் புறப்பட்ட அந்தக் குழந்தைகளுக்குப் புதுச் சட்டை, புதுத் தொப்பி, புதுச் செருப்பு, பட்டுக்கரை வேட்டி எல்லாம் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது உடையைப் பார்த்துப் பார்ப்பனக் குழந்தைகள் என்றே நிலைய அதிகாரி நினைத்தார். மகர் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. இரட்டிப்புக் கூலி கொடுத்தும் வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார மறுத்தார். பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டியிருந்தது. சாதி என்னவென்று கேட்கும் வரைதான் உடை பேசும். கேட்ட பிறகு உடை பேசாது.

அப்படியிருந்தும் நன்றாக உடுத்த வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் முனைவர் பட்ட ஆய்வாளன். வாய்மொழித் தேர்வு, கருத்தரங்கு, உதவிப் பேராசிரியர் நேர்காணல் என்று என் தலைமுறை ஏறி இறங்கும் அறைகளில் முதல் அரை நிமிடத்தில் ஒரு மதிப்பீடு நடந்து முடிந்துவிடுகிறது. கசங்கிய கதர் ஜிப்பாவும் தேய்ந்த செருப்புமாக உள்ளே வரும் ஒருவர் அறிவுஜீவி. அதே கோலத்தில் நான் போனால் ‘அங்கேயிருந்து வந்த பையன்’. எளிமை அவருடைய கணக்கில் வரவு, என் கணக்கில் பற்று. ஒரு கல்லூரி நேர்காணலில் குழுவில் இருந்த ஒருவர் என்னைப் பார்த்து, “வேலை கிடைக்கும் முன்னாடியே கோட்டா?” என்று சிரித்தார். கசங்கி வந்திருந்தால் அக்கறையில்லை என்றிருப்பார். கோட் போட்டதால் அவருக்கு வேறு ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. அந்தச் சங்கடமாவது அவருக்கு வரட்டும்.

நன்றாக உடுத்துவது நமக்குப் புதிதும் அல்ல. என் அப்பா கூலி வேலை பார்த்தவர். கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கப் போகும் நாட்களில், பித்தளைச் சொம்பில் நெருப்புக் கங்கு போட்டு ஒற்றை வெள்ளைச் சட்டையைத் தேய்ப்பார். ஆசை எப்போதும் இருந்தது. துணியும், அதைப் பற்றிய படிப்பும்தான் கிடைக்கவில்லை. மூன்று தலைமுறையாகக் கோட் போடும் வீட்டில் அப்பா மகனுக்கு டை கட்டச் சொல்லிக்கொடுக்கிறார். நம் வீட்டில் பலருக்குக் கோட் என்றால் கல்யாண வரவேற்புக்கு ஒரு நாள் வாடகைக்கு எடுக்கும் வேஷம். பளபளக்கும் துணி, தொங்கும் தோள், மறுநாள் காலை பத்து மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தப் படிப்பையும் போட்டித் தேர்வுக் குறிப்புகளைப் போல நமக்குள் கைமாற்றிக்கொள்ள வேண்டியதுதான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கோட்டுக்குப் போகாதீர்கள், அது கடைசி. முதல் செலவு ஆல்டரேஷன் கடைக்குத்தான். கையில் இருக்கும் இரண்டு பேண்ட்டையும் நீளம் சரிசெய்யுங்கள். ஷூவின் மேல் ஒரே ஒரு மடிப்பு விழலாம், துணி குவிந்து கிடக்கக் கூடாது. சட்டையின் தோள் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். 200 ரூபாய்க்குள் முடியும் இந்த வேலை, 2,000 ரூபாய்ப் புதுச் சட்டையைவிட அதிக மாற்றத்தைக் காட்டும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. “உங்க கலருக்கு இது எடுக்காது சார்” என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். கறுப்பு உடம்புக்கு வெள்ளையும், வெளிர் நீலமும், கருநீலமும், சாம்பலும் அருமையாக எடுக்கும். அந்த வாக்கியத்தில் இருப்பது துணி அறிவு அல்ல. முதல் மூன்று சட்டைகள் வெள்ளை ஒன்று, வெளிர் நீலம் இரண்டு என்று இருக்கட்டும். பேண்ட் சாம்பல் ஒன்று, பழுப்பு ஒன்று. எதை எதோடு போட்டாலும் பொருந்தும்.

கோட் முதலில் ஒன்று போதும், கருநீலத்தில். கட் பீஸ் கடையில் 2 மீட்டர் துணி எடுங்கள். கையில் கசக்கிப் பார்த்து மினுமினுக்காத, லேசான கம்பளிக் கலப்பாகத் தேர்ந்தெடுங்கள். தையல்காரரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: தோளில் பஞ்சு குறைவாக வைக்க வேண்டும், முதுகில் பாதி வரைக்கும் லைனிங் போதும், முழுதாகத் தைக்கும் முன் ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். பாதி லைனிங்கில் காற்று போகும், சென்னை வெயிலில் அது பெரிய வித்தியாசம். கோட் பின்புறத்தை மூட வேண்டும், சட்டையின் மணிக்கட்டுப் பட்டி அரை அங்குலம் வெளியே தெரிய வேண்டும். அடிப் பட்டனைப் போடாமல் விடுவது வழக்கம். பழைய கோட் மலிவாகக் கிடைத்தால் தோளை மட்டும் பாருங்கள். இடுப்பையும் கை நீளத்தையும் எந்தத் தையல்காரரும் சரிசெய்துவிடுவார். தோள் பொருந்தாவிட்டால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

என் கணக்கு இது. கோட் துணி 1,400, தையல் கூலி 3,500. இரண்டு பேண்ட் துணியும் தையலுமாக 1,900. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய சட்டை மூன்று 1,200. ஆம்பூரில் வாங்கிய பழுப்புத் தோல் ஷூ 2,200, பெல்ட் 400. மொத்தம் 10,600 ரூபாய். இதை ஒரே மாதத்தில் செலவழிக்கவில்லை, உதவித்தொகை வந்த மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக 2 ஆண்டுகளில் சேர்த்தேன். தவணைக்கு வாங்கவில்லை. கடனில் வாங்கிய கோட்டில் நிமிர்ந்து நிற்பது கடினம்.

இனி, விற்பனைக்காரர்கள் பேசாத ஒரு விஷயம். பளிச்சென்ற சட்டைக்குப் பின்னால் வெளுத்தவர் இருக்கிறார், மின்னும் ஷூவுக்குப் பின்னால் தோல் பதனிட்டவர் இருக்கிறார். அழுக்கெடுக்கும் வேலையைப் பிறப்போடு கட்டிவைத்து, அதைச் செய்பவரையே அழுக்கு என்ற சமூகம் இது. தலித் மக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார்களைப் பார்ப்பதே தீட்டு என்று சொன்ன ஊர் இது. அந்த மக்களை நம் தெருக்களிலும் கீழாகத்தான் நடத்தியிருக்கிறோம். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளில் உழைப்பவர்களில் நம்மவர்கள் ஏராளம். அவர்கள் செய்யும் ஷூ எந்தெந்த நாட்டுக்கோ போகிறது.

ஆகவே உடையைப் பராமரிக்கும் வேலையை நாமே செய்வோம். சட்டையை அம்மாவிடமோ மனைவியிடமோ தள்ளாமல் நாமே துவைத்து, ஈரப்பதம் இருக்கும்போதே தேய்ப்போம். கம்பளிக் கலப்புப் பேண்ட்டின் மேல் ஈரத்துணி விரித்துத் தேய்த்தால் மினுக்கம் வராது. ஷூவுக்கு வாரம் ஒரு முறை நம் கையாலேயே பாலிஷ் போடுவோம், நனைந்தால் உள்ளே செய்தித்தாள் திணித்து நிழலில் காயவைப்போம், ஒரே ஷூவைத் தினமும் போடாமல் இடையில் ஒரு நாள் ஓய்வு கொடுப்போம். கோட்டை அடிக்கடி துவைக்க வேண்டாம். பிரஷ்ஷால் தட்டி, அகலமான ஹேங்கரில் தொங்கவிட்டு, அலமாரியில் அந்துருண்டை போட்டால் போதும். செலவு குறையும், துணி பல ஆண்டு வரும். நம் அழுக்கை நாமே எடுப்பது சாதி ஒழிப்பின் பால பாடமும்கூட.

கோட் வெள்ளைக்காரன் உடைதானே என்பார்கள். காலனியத்தை நினைவூட்டும் இந்த அக்கறை, நாங்கள் சட்டை போட்டபோது மட்டும் ஏன் வருகிறது? வேட்டியும் இங்கே எல்லோருக்கும் ஒரே நீளத்தில் அனுமதிக்கப்பட்டதில்லை. கோட்டுக்கு அவர் அடிமையும் அல்ல. நாக்பூரில் 1956 அக்டோபர் 14 அன்று பௌத்தம் தழுவியபோது அம்பேத்கர் வெள்ளை வேட்டிக்கு மேல் வெள்ளைக் கோட் அணிந்திருந்தார். எதை, எப்போது, எதோடு அணிவது என்பதை அவரே தீர்மானித்தார். நாம் கேட்பதும் அந்த உரிமையைத்தான். கைலியோடு இருக்கப் பிடித்தவர் கைலியோடு இருக்கட்டும். வழியில்லாமல் அப்படி இருக்க வேண்டாம்.

ஒரு யோசனையோடு முடிக்கிறேன். நம் வாசகர் வட்டங்களும் மாணவர் அமைப்புகளும் நூலகம் வைத்திருக்கின்றன. பக்கத்தில் ஓர் அலமாரி போடுங்கள். மார்பளவு 36, 38, 40, 42, 44 என்று ஐந்து கருநீலக் கோட். என் கணக்குப்படி 25,000 ரூபாய்க்குள் முடியும். நேர்காணலுக்குப் போகும் தம்பி புத்தகம் எடுப்பதுபோலப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகட்டும், பிரஷ் போட்டுத் திருப்பி வைக்கட்டும். பெண் தோழர்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்து இன்னோர் அடுக்கு வைக்கட்டும். வரும் ஏப்ரல் 14-க்கு வைக்கும் பேனர்களில் சிலவற்றைக் குறைத்தால் முதல் கோட்டுக்குப் பணம் வந்துவிடும். அளவெடுக்கும் டேப் 20 ரூபாய்தான், அதை இன்றைக்கே வாங்கலாம்.