ஒரிஜினல் எண்டா எது?

பழைய லாண்ட் றோவர் ஒன்றை றோட்டோரம் நிப்பாட்டினால் பத்து நிமிடத்துக்குள் நாலு பேர் கூடிவிடுவார்கள். அதில் மூன்று பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "ஒரிஜினலா?" எஞ்சின் ஒரிஜினலா, கலர் ஒரிஜினலா, நம்பர் பிளேற் ஒரிஜினலா. நாலாவது ஆள் விலை கேட்பார்.

கடந்த ஒன்றரை வருடமாக நானும் மூன்று நண்பர்களும் ஒரு சீரிஸ் 3 வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். 109 அங்குல வீல்பேஸ். நண்பன் ஒருவனின் பெரியப்பா 2010இல், கிளிநொச்சிக்குத் திரும்பிப்போன கையோடு, வவுனியாவில் வாங்கினது. கூரைத்தகடும் சீமெந்தும் ஏற்றி ஊரில் பாதி வீடு அதாலேதான் எழும்பினது என்று அவர் சொல்லுவார் (பெரியப்பாமாருக்கு கொஞ்சம் கூட்டிச் சொல்ல உரிமை இருக்கு). பிறகு அவருக்கு முழங்கால் ஏலாமல் போக, வண்டி மாமரத்துக்குக் கீழே நின்றுவிட்டது. நாங்கள் போய்ப் பார்க்கேக்க டிரைவர் சீற்றில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

எஞ்சின் எப்போதோ மாற்றப்பட்டிருந்தது. இங்கிலாந்தில் பூட்டி வந்த 2.25 லீற்றர் எஞ்சின் போய், நிசான் டீசல் ஒன்று உள்ளே இருக்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புத் துண்டுகள் எந்தக் கொம்பனியும் செய்ததில்லை. யாரோ ஒரு வெல்டிங்காரர் கண்ணளவில் வெட்டி ஒட்டினவை. ஆனால் அசையவில்லை, வெடிக்கவில்லை.

இதைக் கழற்றி எறிந்துவிட்டு பழைய எஞ்சினைத் தேடிப் பூட்டச் சொல்லித்தான் எல்லாரும் சொன்னார்கள். யூரியூப்பில் பார்க்கிற முறையும் அதுதான். வண்டியை எலும்புக்கூடாக்கு, லண்டனிலிருந்து சாமான் எடு, கரும்பச்சை அடி, தொழிற்சாலை வாசலால் வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவந்து நிறுத்து. நாங்கள் அதைச் செய்யவில்லை. காசு இல்லாதது ஒரு காரணம்தான், மறைக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரி வரைக்கும் இழுத்ததில் இந்த நாட்டில் தகரத்துக்கும் தங்க விலைதான். ஆனால் காசு இருந்திருந்தாலும் அந்த நிசான் எஞ்சினை நான் கழற்ற விட்டிருக்க மாட்டேன். ஏனென்றால் அந்த "ஒரிஜினல்" என்ற சொல்லையே எனக்கு நம்ப ஏலாமல் இருக்கு.

லாண்ட் றோவர் பிறந்த கதையைப் பாருங்கோ. 1947இல் றோவர் கொம்பனியின் மொறிஸ் வில்க்ஸ், தன்ர பண்ணையில் ஓட்டிக்கொண்டிருந்த அமெரிக்க ஜீப்புக்கு மாற்றாக ஒன்று வேணும் என்று தொடங்கினது. முதல் மாதிரி வண்டி கட்டப்பட்டதே ஒரு ஜீப்பின் சேசிஸுக்கு மேலே. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம், பிரித்தானியாவில் உருக்குக்குப் பங்கீடு. அதனால் பொடியை அலுமினியக் கலவையில் அடித்தார்கள். ஆரம்ப வண்டிகளுக்கு அடித்த பச்சை, போரில் மிஞ்சின விமானப் பெயின்ற் என்று சொல்லுவார்கள். 1948 ஏப்ரலில் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் உலகத்துக்குக் காட்டியபோதும் அது விவசாயிக்கான சாமான்தான். எஞ்சினிலிருந்து சக்தி எடுத்து வேறு மெஷின் ஓட்டுகிற வசதியும் அதற்குள் இருந்தது. ஆக, இண்டைக்கு நாங்கள் தூசி தட்டிக் கும்பிடுகிற அந்த அலுமினியப் பொடியே, இல்லாத இடத்தில் இருந்ததை வைத்துச் சமாளித்த வேலை.

சமாளிக்கிறதைப் பற்றி எங்களுக்கு ஒருத்தரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கின பிறகு பெற்றோலும் பற்றறியும் வடக்குக்குத் தடை. அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்து ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின கதையை வீட்டில் கேட்காத ஆள் எங்கட வயதில் இருக்க மாட்டார். ஆனால் அதைப் பகிடியாகவும் ஏக்கமாகவும் மட்டும்தான் கேட்டு வைத்திருக்கிறோம். அதுக்குள்ள இருக்கிற வேலையைக் கேட்டதில்லை.

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. எனவே ஒரு சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கிற பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்கு விட்டு எஞ்சினை எழுப்ப வேணும். அது சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேணும். நடுவில் நின்றுவிட்டால் திரும்பவும் அந்தப் போத்தல். எல்லா எஞ்சினும் இதுக்கு இணங்காது. அழுக்க விகிதம் கூடினால் மண்ணெண்ணெய் உள்ளே நேரத்துக்கு முந்தி வெடித்து அடிக்கும். பழைய பிரித்தானிய எஞ்சின்களுக்கு அழுக்கம் குறைவு. அதனால்தான் அந்தக் காலத்தில் புதுக் கார் வைத்திருந்தவர் வீட்டில் இருக்க, தாத்தாவின் ஏ40 ஓடினது. போருக்குப் பிந்தின இங்கிலாந்தில் பெர்குசன் ட்ரக்ரர்களைக் கிட்டத்தட்ட இதே முறையில், பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மலிவான எண்ணெயில் ஓடுகிற மாதிரி, தொழிற்சாலையிலேயே செய்து விற்றார்கள். அங்கே அதுக்குப் பெயர் பொறியியல். இங்கே அதே தத்துவத்தைப் போத்தலோடும் ரியூப்போடும் செய்தவர்களை நாங்கள் "கராஜ் அண்ணை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டோம். அவர்களுக்கு இப்ப எழுபது வயது. எங்கட எஞ்சினை ஸ்ரார்ட் பண்ண வந்தவரும் அப்படி ஒருவர்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஸ்குறூட்றைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். "மூண்டாவது இன்ஜெக்ரர்" என்றார். மூன்றாவதுதான்.

பிறகு நிறம். சீரிஸ் வண்டி என்றால் கரும்பச்சைதான் என்று எங்களில் இரண்டு பேர் ஒற்றைக்காலில் நின்றார்கள். பெயின்ற் வாங்கக் கிளம்புகிற அன்று, வண்டி நிற்கிற வீட்டு அம்மா வாசலுக்கு வந்து, "பச்சை அடிச்சா உதை இந்த வளவுக்குள்ள விடாதேங்கோ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஏன் என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. இரவில் ஒழுங்கைக்குள் அந்தச் சத்தம் வந்தால் விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை எண்ணிப் பார்த்த ஒரு தலைமுறைக்கு, பச்சை லாண்ட் றோவர் என்பது "விண்டேஜ்" இல்லை. வண்டி இப்போது பழுப்பு வெள்ளை. "ஒரிஜினல் கலர் இல்லையே" என்று கேட்கிறவர்களுக்கு இல்லைத்தான் என்று சொல்லுகிறோம்.

நம்பர் பிளேற் விஷயம் இன்னும் விசித்திரம். சிங்கள "ஸ்ரீ" எழுத்துப் போட்ட தகடு உள்ள பழைய வாகனத்துக்கு இப்போது தனி மவுசு. எங்கட பெடியளும் அதோடு நின்று படம் எடுத்துப் போடுகிறார்கள். 1958இல் இதே எழுத்துக்குத் தார் பூசினதுக்காகத்தான் தமிழ் இளைஞர்கள் அடியும் மறியலும் கண்டார்கள். தார் பூசினவருடைய பேரன் அதை பிறாசோ போட்டு மினுக்குகிறான். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, எங்கட வண்டியிலும் அந்தத் தகடுதான் இருக்கு, சட்டப்படி அதுதான் அதன் இலக்கம். ஆனால் "பழசு, வடிவு" என்று மட்டும் சொல்லி அதைக் கடந்துபோக எனக்கு மனமில்லை. ஒரு வாகனத்தைத் திருத்துகிறவனுக்கு அதன் போல்ற் நட் அளவு தெரிந்திருக்கிறது மாதிரி இதுவும் தெரிந்திருக்க வேணும்.

இதையெல்லாம் வைத்து, பழைய கைவேலை எல்லாம் புனிதம் என்று சொல்ல வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். அலுமினியப் பொடி கறள் பிடிக்காது, பார்க்க வடிவாக இருக்கும். கீழே உள்ள சேசிஸ் உருக்கு. சேறும் தண்ணியும் உள்ளே தேங்கி, உள்ளிருந்து வெளியே தின்னும். எங்கட கடற்காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். எங்கள் வண்டியின் பின் சேசிஸைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டு போனபோது "டங் டங்" என்று வந்த சத்தம் ஓரிடத்தில் "தொப்" என்றது. கீறிப் பார்த்தால் இரண்டு அங்குலத்துக்கு வெறும் பெயின்ற்தான் இருந்தது! யாரோ புட்டி அடைத்து மேலே கறுப்பு அடித்துவிட்டிருந்தார். அதையும் ஒரு கைவேலை என்று கும்பிட ஏலுமே? வெட்டி எறிந்தோம். பிறேக்கும் அப்படித்தான். நாலு சில்லுக்கும் டிரம் பிறேக், அதில் ஒரு குழாயைக்கூடப் பழசாக விடவில்லை. செலவில் பாதி இந்தக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் போனது. பம்பருக்கு மேலே எல்.ஈ.டி லைற் பூட்டி, சேசிஸைத் தட்டிப் பார்க்காமல் மலைக்கு ஏறுகிற ஆட்களை இப்போது நிறையக் காண்கிறேன்.

திருத்துவது என்றால் என்ன என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் "ஒக்ஸ்போட்" என்று பெயர் வைத்த ஒரு சீரிஸ் 1. 1955 செப்ரெம்பரில் ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் மாணவர் ஆறு பேர் இரண்டு லாண்ட் றோவர்களில் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குத் தரைவழியே புறப்பட்டு 1956 மார்ச்சில் போய்ச்சேர்ந்தார்கள். அதில் ஒன்றுதான் அது. பிறகு கைமாறிக் கைமாறி, கடைசியில் அத்திலாந்திக் நடுவே உள்ள சென் ஹெலேனாத் தீவில் ஒதுங்கினது. 2017இல் அதை மீட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்த் திருத்தினார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் வைக்கவில்லை. 2019இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு, அதாவது முதல் பயணத்தின் எதிர்த்திசையில், அதே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள். முதல் பயணத்தில் போன ரிம் ஸ்லெஸருக்கு உடம்பு ஏலாமல் போக, அவருடைய பேரன் ஏறினான். அந்தப் பயணத்துக்குப் பின்னால் ஒரு பேரரசின் வசதியும் கடவுச்சீட்டின் பலமும் இருந்தது என்பதை நான் மறக்கவில்லை. 1955இல் எங்கட ஊர்ப் பெடியன் ஆறு பேர் அப்படி வெளிக்கிட்டிருக்க ஏலாது. இருந்தாலும், ஓடப் பிறந்ததை ஓட விட்டார்கள், அதில் எனக்கு மரியாதை.

நாங்களும் ஓட்டிப்போனோம். கிளிநொச்சியிலிருந்து கண்டி, கம்பளை, புசல்லாவை, றம்பொடை, நுவரெலியா, பிறகு வெலிமடை வழியாக அப்புத்தளை. ஏ9இல் அறுபதுக்கு மேலே போகவில்லை. பஸ்காரர் எல்லாரும் ஹோர்ன் அடித்தே எங்களை வாழ்த்திவிட்டுப் போனார்கள். வன்னியின் தட்டைத் தரையில் வாழ்நாள் முழுக்க ஓடின வண்டிக்கு றம்பொடை வளைவுகள் என்றால் என்னவென்றே தெரியாது. மஞ்சள் குமிழ் அமர்த்தினால் நாலு சில்லும் பிடிக்கும், சிவப்புக் குமிழ் இழுத்தால் லோ கியர். பெரியப்பா அந்தச் சிவப்பை ஒருநாளும் தொட்டதில்லையாம்.

அப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டப் பாதையில்தான் எதிரே இன்னொரு லாண்ட் றோவர் வந்தது. எங்களுடையதைவிடப் பழசு. பின்னால் பத்துப் பேருக்கு மேலே, மடியில் பைகள், நடுவில் ஒரு காஸ் சிலிண்டர். பாதை ஒரு வண்டிக்குத்தான் காணும். நாங்கள் பின்னுக்கு எடுத்து இடம் விட்டோம். பக்கத்தில் வந்து நிப்பாட்டின டிரைவர் அண்ணன் எங்கட வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நிசானாங்க?" என்றார். சத்தத்திலேயே பிடித்துவிட்டார். "நல்ல எஞ்சின் தம்பி. எத்தன பேரு ஏத்துவீங்க?"

நாலு பேர் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வழியில் பஸ் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வாற பிள்ளையும், ஆஸ்பத்திரிக்குப் போற கர்ப்பிணியும், டவுனுக்குப் போற மரக்கறியும் அந்த ஒரு வண்டியில்தான். மழைக்குப் பாதை கரைந்தால் கல்லைப் போட்டு நிரப்புவதும் லயத்து ஆட்கள்தான். நூறு வருடத்துக்கு மேலாகத் தேயிலை போன பாதை, இன்னும் தார் காணவில்லை.

இந்தப் பாதைகளைத்தான் "செம ஒஃப்றோட் ட்ராக் மச்சான்" என்று நாங்கள் வீடியோ போடுகிறோம். 2022 ஒக்ரோபரில் யால காட்டுக்குள் சொகுசு ஜீப்புகள் தாறுமாறாக ஓடின காணொளி வந்தபோது நாடே கொதித்தது. சரியான கோபம்தான், ஆனால் தோட்டப் பாதையில் மழை நாளில் வேணுமென்றே சில்லைச் சுழற்றிச் சேறு பறக்கவிடுகிற வீடியோவுக்கு அதே ஆட்கள் ஹார்ட் போடுகிறார்கள். அந்தத் தடத்தில் அடுத்த நாள் காலை ஒருத்தர் கொழுந்துக் கூடையோடு நடக்க வேணும். பழைய நாலு சில்லு வண்டி வைத்திருக்கிற நண்பர்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்: மழை என்றால் அந்தப் பாதையில் ஏறாதேங்கோ. ஏறியே ஆகவேணும் என்றால் மண்வெட்டியும் கொண்டுபோங்கோ, நீங்கள் கிழித்ததை நீங்களே மூடிவிட்டு வாங்கோ. இடமிருந்தால் ஆட்களையும் ஏற்றுங்கோ.

திரும்பி வரேக்க டவுன் வரைக்கும் ஆறு பேரை ஏற்றினோம். ஒரு ஆச்சி முன் சீற்றில் ஏறிக்கொண்டு, "இது நம்ம பெரிய தொர வண்டி மாதிரியே ஆடுது" என்று சிரித்தார். அந்தத் துரையின் வண்டியில் அவர் ஒருநாளும் ஏறினதில்லையாம். கழுவேக்க மட்டும் தொட்டிருக்கிறார்.

அடுத்த மாதம் கியர்பொக்ஸ் கழற்ற வேணும், இரண்டாவதில் சத்தம் கேட்குது. காதில் ஸ்குறூட்றைவர் வைக்கிற ஐயா வருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த முறை போனை மடக்கி வைத்துவிட்டு, கொப்பியும் பேனையும் கொண்டு பக்கத்தில் இருக்கப் போகிறேன்.