வாடகை வீடும் வீட்டுக்காரர் கடமையும்

ஐப்பசி பிறந்துவிட்டால் வன்னியில் வானம் பார்ப்பவர் உழவர் மட்டுமல்லர். வாடகை வீட்டில் வாழ்வோரும் கூரையை அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிடுகின்றனர்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. வவுனியாவிலோ 2021ஆம் ஆண்டு தொடக்கம் தனிப் பல்கலைக்கழகமே உண்டு. மாணவரும், இடமாற்றம் பெற்று வரும் ஆசிரியரும் அலுவலரும் இவ்வூர்களில் வாடகைக்கு இடம் தேடுகின்றனர். வீட்டுச் சொந்தக்காரர் பல வேளைகளில் கொழும்பிலோ கனடாவிலோ இருப்பார். வாடகையை வாங்கி அனுப்ப உறவினர் ஒருவர் உண்டு. முறைப்பாட்டை வாங்கி அனுப்பத்தான் ஒருவரும் இல்லை.

“கிணற்றுக்குக் கட்டில்லை; ஆளியைத் தொட்டால் மின் தாக்குகிறது” என்று முறையிட்டால், “விருப்பமில்லையென்றால் வேறு வீடு பாருங்கள்” என்ற மறுமொழி கிடைப்பதுண்டு. இது நியாயமாகுமா?

நம் நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டம் இதற்கு விடை கூறுகின்றது. வேறு உடன்பாடு இல்லாவிடின், வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் ஒப்படைப்பதும், அந்நிலையிலேயே பேணுவதும் வாடகைக்குக் கொடுத்தவரின் கடமையாகும். தம் கவனக்குறைவால் நேர்ந்த சேதத்திற்குக் குடியிருப்பவரே பொறுப்பாவார். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் என்றதும் வாடகைத் தொகையும் வெளியேற்றமுமே நம் நினைவுக்கு வருகின்றன. திருத்த வேலை பற்றிய இக்கடமையோ அதனினும் பழையது.

எல்லாப் பழுதும் ஒரு தன்மையனவல்ல. ஒழுகும் கூரைக்கு ஓரிரவு வாளி வைக்கலாம். மின்சாரமும் திறந்த கிணறும் ஓரிரவும் பொறுக்கமாட்டா. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. ஈரச் சுவரும் பழைய மின்கம்பியும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. மின்கசிவு நேர்ந்தவுடன் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ‘ட்ரிப் சுவிட்ச்’, வீடுகளில் பொதுவாக 30 மில்லியம்பியர் கசிவுக்கு இயங்குவதாகும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். துண்டிக்கவில்லையாயின் அன்றே வீட்டுக்காரருக்கு அறிவியுங்கள்.

அறிவிப்பதை எழுத்தில், திகதியிட்டு, சொந்தக்காரருக்கே நேராக அனுப்புங்கள். படமும் பிரதியும் வைத்திருங்கள். கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும், வழக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பக்கூடும். சட்ட உதவி ஆணைக்குழுவையோ மத்தியஸ்த சபையையோ முதலில் நாடலாம்.

வீட்டுக்காரர் எல்லோரும் செல்வரல்லர் என்பதும் உண்மையே. 2009க்குப் பின் கடன்பட்டு வீட்டை மீளக் கட்டியவர் நம்மிடையே பலர். அவர்கள் மாத வாடகையில் ஒரு சிறு பங்கைத் திருத்த வேலைக்கென ஒதுக்கி வைத்தால், மாரி வரும்போது மனச்சுமை குறையும். நம் பிள்ளைகளும் வேறோர் ஊரில், யாரோ ஒருவருடைய கூரையின் கீழ்த்தான் உறங்குகின்றனர். அவர்களுக்கு அங்கே எத்தகைய வீட்டை நாம் விரும்புகின்றோமோ, அத்தகைய வீட்டையே நாமும் வாடகைக்குக் கொடுப்போமாக.